வண்டிக்கு இன்சூரன்ஸ் ஏன் கட்டாயமாக இருக்க வேண்டும்: ஒரு வக்கீல் குமாஸ்தாவின் அனுபவம்

கும்பகோணத்தில் மோட்டார் வாகன விபத்து வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவந்த ஒரு வழக்கறிஞரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் நான். பாபநாசம், திருவிடைமருதூர், வலங்கைமான் பக்கங்களிலிருந்து மஞ்சப்பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருபவர்களை முதலில் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது என் பொறுப்பு. கார் வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவது நியாயமா என்று ஊரில் யாராவது கேட்டால், அவர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் காருக்கு வெளியே இருந்தவர்கள்.

"ஏன்ணே, நாம பாத்து ஓட்டுனா எதுக்குண்ணே இன்சூரன்சு? கம்பெனிக்காரனுக்குக் கொட்டிக் குடுக்குறதுக்கா?" என்று என்னிடம் கேட்ட இளைஞர்கள் பலர். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. தன் பொருளுக்கு வரும் நட்டத்தைத் தானே தாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை வற்புறுத்த வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டில் கூட, வங்கிக் கடன் வாங்கிய விவசாயி கட்டாயம் சேர வேண்டும் என்றிருந்த விதியை 2020-இல் எடுத்துவிட்டு அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். வயலில் தண்ணீர் நின்று சம்பா அழுகினால் இழப்பு அந்த விவசாயியுடையது. சாலையில் ஓடும் வண்டியின் கணக்கு அப்படியல்ல. அங்கே தவறு ஒருவருடையதாகவும் இழப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கிறது. அதனால்தான் சட்டமும் அந்த இன்னொருவருக்கான காப்பீட்டை, அதாவது தர்டு பார்ட்டி எனப்படும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் கட்டாயமாக்கி, சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இது நேற்று வந்த விதியும் அல்ல. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. இப்போது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவில் இருக்கிறது.

இதற்கு ஆகும் செலவைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த கட்டண அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஓராண்டு தர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். நம்மிடம் அதிகம் ஓடும் 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு 714 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. இந்தத் தொகைக்கு, ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் இழப்பீடு எவ்வளவாக இருந்தாலும் கம்பெனி கொடுக்க வேண்டும், உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் காருக்கு 7.5 லட்சம், பைக்குக்கு 1 லட்சம் என்று வரம்பு உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம் என்றாலும், அதற்காக மட்டும் ஒருவர் சிறைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிறிய காரின் பிரீமியத்தைவிட அபராதம் குறைவாக இருக்கும்போது, "மாட்டுனா பாத்துக்குவோம்" என்று கணக்குப் போடுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அபராதம் பிரீமியத்தைப் போல நாலைந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை ஒரு வழக்கு எனக்கு முழுமையாகக் காட்டியது. 2019 தை அறுவடைக் காலம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் 38 வயதுத் தொழிலாளி ஒருவர், பாபநாசம் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயப் போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளில் இது யாருக்கும் புதிதல்ல. எதிரே வந்த கார் நெல்லின் மேல் ஏறாமல் இருக்க ஒடித்து விலகியதில் இவர் மீது மோதிவிட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோன மறுநாள் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள். நெல்லைக் காயப் போட்டவர் யார் என்று கடைசி வரை எவரும் கேட்கவில்லை. அது வேறு கதை.

அவருடைய மனைவி எங்களிடம் கொண்டுவந்த பையில் குடும்ப அட்டை, ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல் ஆகியவற்றோடு, நீளவாக்கில் மடித்த ஒரு சின்ன நோட்டும் இருந்தது. எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி என்று பென்சிலில் அவர் எழுதி வைத்திருந்த கணக்கு அது. சில பக்கங்களில் மேஸ்திரியின் கையெழுத்தும் இருந்தது. சம்பளச் சீட்டு இல்லாத ஒருவருடைய வருமானத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. நீதிபதி தம் மதிப்பில் ஒரு தொகையை வைத்துக்கொள்வதே வழக்கம். அந்த நோட்டைச் சான்றாவணமாகக் குறியிட்டு மேஸ்திரியையும் சாட்சி சொல்ல வைத்ததால்தான் மாதம் 12,000 ரூபாய் என்ற வருமானத்தை ஏற்றுக்கொண்டார்கள். கூலி வேலை செய்கிறவர்கள் இப்படி ஒரு கணக்கு எழுதி வைப்பது எத்தனை பெரிய காரியம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இழப்பீட்டை யாரும் மனம் போன போக்கில் போடுவதில்லை. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த வாய்ப்பாடு இருக்கிறது. மாதம் 12,000, சுயமாக உழைக்கும் 40 வயதுக்குக் கீழானவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 12,600. ஆண்டுக்கு 1,51,200. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண் 15. ஆக 22,68,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்த துயரம் போன்ற தலைப்புகளில் மேலும் ஒன்றிரண்டு லட்சம் சேரும். மூட்டை தூக்கிப் பிழைத்த ஒரு மனிதரின் உயிருக்குச் சட்டம் போட்ட கணக்கே இது. ஆறு மா, ஏழு மா, அதாவது இரண்டு ஏக்கர் சொச்சம் நிலம் வைத்துக்கொண்டு பழைய காரில் போய்வரும் ஒருவரால் இந்தத் தொகையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், இன்சூரன்ஸ் ஏன் விருப்பமாக இருக்க முடியாது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

காவல் நிலையத்தில் கொடுத்த ஆவணங்களில் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியின் நகல் இருக்கவே செய்தது. பாலிசித் தேதியும் விபத்துத் தேதியும் ஒன்று. எங்கள் வக்கீல் ஐயா தேதியைத் தாண்டி அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார். பாலிசி தொடங்கியது மாலை நான்கு மணிக்கு மேல். விபத்து நடந்தது காலை பதினோரு மணி வாக்கில். மோதிய பிறகு யாரோ சொல்லிக் கொடுத்து அவசர அவசரமாக எடுத்த பாலிசி அது. நேரம் குறிப்பிட்ட பாலிசி அந்த நேரத்திலிருந்துதான் செல்லும் என்பது தீர்ந்துபோன சட்டம் ஆகையால், கம்பெனி தன் எதிர்வுரையில் அதைச் சொல்லி விலகிக்கொண்டது. கம்பெனி மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அதன் பிறகு வந்தவைதான் துன்பம். அந்தக் கார் மூன்றாவது கை மாறிய வண்டி. ஓட்டியவர் அதை ஒரு புரோக்கர் மூலம் வாங்கி, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றுப் புத்தகத்தில் பெயரை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்.சி.யில் இருந்தது திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயர். பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்ததோடு வண்டி தன் கையை விட்டுப் போய்விட்டது என்று அவர் நினைத்திருந்தார். ஆனால், இழப்பீட்டைப் பொறுத்தவரை ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து அவர் நீதிமன்ற வராந்தாவில் வந்து நின்றபோது, "வண்டிய வித்து மூணு வருஷம் ஆச்சே சார், நான் என்ன சார் பண்ணுனேன்?" என்று எதிர்த்தரப்புக் குமாஸ்தாவான என்னிடமே கேட்டார். அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்த மனுவைத் தட்டச்சுக்குக் கொடுத்தது நான்தான். அதற்காக நான் வருந்தவும் இல்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் இல்லை.

காரை ஓட்டியவரோ, விபத்து நடந்த சில வாரங்களுக்குள் தன் பெயரிலிருந்த நிலத்தை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைத்துவிட்டார். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. காரைக் காட்டியாவது பணம் பெறலாம் என்றால், குடும்பத்தார் எங்களிடம் வருவதற்கு முன்பே வெறும் ஜாமீன் பத்திரத்தின் பேரில் அது காவல் நிலையத்திலிருந்து வெளியே போயிருந்தது. தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் தீர்ப்புக்கும் பணத்துக்கும் நடுவே, தீர்ப்புத் தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனு என்று ஒன்று இருக்கிறது. ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. செட்டில்மெண்ட் பத்திரத்தை ரத்து செய்யத் தனி வழக்குப் போட வேண்டும். கடைசியில் ஆசிரியர் மானத்துக்குப் பயந்து தவணை தவணையாகக் கட்டியதும், ஊர்ப் பெரியவர்கள் பேசியதில் கார்க்காரர் கொடுத்ததும் சேர்ந்து, தீர்ப்புத் தொகையில் பாதிகூட அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நான் வேலையை விடும்வரை நிலைமை அதுவே.

இந்த வழக்கிலிருந்து நாங்கள் எங்கள் நடைமுறையையே மாற்றிக்கொண்டோம். விபத்து என்று யாராவது வந்தால், முதலில் வண்டி எண்ணைப் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டு, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அன்றைக்கே பார்த்துவிடுவோம். இன்சூரன்ஸ் இல்லை என்றால், வண்டியை விடுவிக்கக் கூடாது என்று குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் உடனே ஆட்சேப மனு கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் போதிய பிணையம் வாங்காமல் விடக் கூடாது, பிணையம் தராவிட்டால் மூன்று மாதத்துக்குப் பின் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர 2018-இல் உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதே வாரத்தில் உரிமையாளரின் சொத்துகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, கைமாறிவிடும் என்ற அச்சம் இருந்தால் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதில் தாமதம் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில், எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், தலைத்திவசம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள் சிரமப்பட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போகும் விபத்துகளும் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இருட்டில் அடிபடுவது இப்படித்தான் பல சமயம் முடிகிறது. அவற்றுக்கு 161-ஆம் பிரிவின் கீழ், இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பித்துப் பெறலாம். இந்தத் தொகை முன்பு 25,000-மும் 12,500-மும்தான். உயிர் பிழைக்கும் வாய்ப்புள்ளவருக்கு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

இன்சூரன்ஸ் இருந்த வழக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவை சிக்கலில்லாமல் முடிந்ததே செய்தி. திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரின் கார் மோதி, அதே ஊர்க்காரர் ஒருவர் இறந்தார். பாலிசி நடப்பில் இருந்ததால் வழக்கு கம்பெனியோடுதான் நடந்தது. லோக் அதாலத்தில் சமரசமாகப் பேசி முடித்து, பிள்ளைகளின் பங்கை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார்கள். கடைக்காரருக்குக் குற்ற வழக்கு தனியாக நடந்தது. ஆனால் பணத்துக்காக அந்த வீட்டாரும் இவரும் தெருவில் நின்று சண்டை போட வேண்டிய நிலை வரவில்லை. நம் ஊர்களில் மோதியவரும் அடிபட்டவரும் ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர்களாக இருப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாதபோது அந்த நெருக்கமே எதிராகத் திரும்பி, பஞ்சாயத்தில் "ஏதோ வாங்கிக்கிட்டு விட்டுடும்மா" என்று ஐம்பதாயிரத்தோடு கணவனை இழந்த பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படும்.

கட்டாயம் என்று சொல்லும் அரசு, தனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். அதே 146-ஆம் பிரிவு, தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்கிறது. தீர்ப்பு வந்தும் கழகம் பணம் கட்டாமல், நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியைப் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். ஜப்தி செய்யப் பேருந்தாவது இருக்கிறதே என்று நாங்கள் அலுவலகத்தில் கசப்பாகப் பேசிக்கொள்வதுண்டு.

கட்டாய இன்சூரன்ஸ் இருந்தும் பயன்படாத இடங்கள் டெல்டாவில் அதிகம் என்பதால், அவற்றை இங்கே விரித்துச் சொல்கிறேன். வெறும் தர்டு பார்ட்டி பாலிசி உள்ள பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரில் இலவசமாக ஏறி வரும் உறவினருக்கும் அதே நிலைதான். முழுக் காப்பீடு எனப்படும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் அவர்களுக்கும் கிடைக்கும். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிறவர் இந்த வேறுபாட்டை ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுகிற உரிமையாளருக்கு வரும் ஆபத்துக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இல்லையென்றால் அது கைக்கு வராது. காயப் போட்ட நெல்லில் சறுக்கித் தானாகவே விழுந்து இறப்பவரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இது ஒன்றே வழி.

இதைவிடப் பெரிய ஓட்டை சரக்கு வண்டி. நடவுக்கும் களைபறிக்கும் பெண்களைக் குட்டி யானையிலும் டிராக்டர் டிரெய்லரிலும் நிற்க வைத்துக் கூட்டிப் போவதை, குறுவைத் தொடக்கத்திலிருந்து தாளடி நடவு முடியும்வரை எந்தச் சாலையிலும் பார்க்கலாம். சரக்கு வண்டியில் ஆளாக ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஏற்றிய சரக்குக்கு உரியவர் அதோடு போகலாம்; நடவு ஆட்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சில வழக்குகளில் முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியிருக்கின்றன. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில் 2004 முதல் இது நிலைத்த வழியாகவே இருக்கிறது. ஆனால் டிரெய்லர் கவிழ்ந்த வழக்கில் அந்த இரக்கத்தை எதிர்பார்த்து மனுப் போடுவது சூதாட்டத்துக்குச் சமம். இது போதாதென்று, டிராக்டருக்குப் பாலிசி இருந்தும் டிரெய்லருக்குப் பாலிசியே இல்லாமல் இருப்பதும் உண்டு.

எனக்குத் தெரிந்த நடவு மேஸ்திரிகளிடம் நான் சொல்வது, ஆட்களைக் கூட்டிப் போகப் பயணிகள் அனுமதி உள்ள வேனை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. வேன் எண்ணை முதல் நாளே கைபேசியில் போட்டு இன்சூரன்ஸ், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று இரண்டும் நடப்பில் உள்ளனவா என்றும், பாலிசி நகலை வாங்கி அதில் எத்தனை பயணிகளுக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஆட்களை ஏற்றினால், பிறகு யாருக்குக் கிடைக்கும் என்பதிலேயே தகராறு வரும். குட்டி யானையைவிட வேனுக்கு வாடகை கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலை யார் தருவது என்பதை, நடவுக் கூலி பேசும்போதே நிலக்காரரிடம் பேசி முடித்துவிட வேண்டும். நாற்றுப் பறித்த பிறகு பேச ஆரம்பித்தால் அது பெண்களின் கூலியிலிருந்துதான் பிடிபடும்.